ஒரே பைண்டிங்கில் மூன்று புத்தகங்கள்

சென்ற மாதம் நூலகத்திலிருந்து ஹரீஷ் போன் செய்தார். என்னிடம் வேலை பழகி, நான் ஓய்வு பெற்றபின் கேட்டலாக் பிரிவில் என் நாற்காலிக்கு வந்தவர். மாடியில் இருக்கும் அமெரிக்கச் சரித்திர அறையைக் காலி செய்து, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு வாசிப்புக் கூடம் ஆக்கப் போகிறார்களாம். கழித்துவிட வேண்டிய புத்தகங்களின் பட்டியல் அவர் மேஜைக்கு வந்திருக்கிறது.

"மேடம், ஒவ்வொரு புஸ்தகத்தையும் திறந்து பார்த்துட்டுத்தான் சைன் போடணும்னு சொல்லுவீங்களே, அது ரூலா? ரூல் புக்ல தேடினேன், கிடைக்கலை."

"ரூல் இல்லப்பா."

"மத்தே, பின்னே ஏன் மேடம்?"

போனில் சொல்லி முடிகிற காரியமாக இல்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் முழங்கால் வலிக்கிறது, கண்ணில் நீர் வடிகிறது. ஆனாலும் இதை ஒருமுறையாவது முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. இதில் எனக்குப் பெருமை தருகிற விஷயம் அதிகமில்லை.

என் ஊர் கொள்ளேகாலுக்குப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். மைசூரில் பட்டப்படிப்பு, அதன்மேல் ஒரு வருடம் நூலகப் படிப்பு. கல்யாணமான மறு வருடம் அங்கேயே இந்தக் கல்லூரி நூலகத்தில் வேலை கிடைத்தது. கணவருக்கு நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. படித்ததெல்லாம் முதல் வாரத்திலேயே செலவாகிவிட்டது. மீதியை ராமப்பிரியன் சாரிடம்தான் தப்புச் செய்து செய்து தெரிந்துகொண்டேன்.

ராமப்பிரியன் சார் தலைமை நூலகர். மேல்கோட்டையிலிருந்து வந்த குடும்பம். எல்லோரிடமும் கன்னடம் பேசுவார். நான் தமிழ் என்று தெரிந்தபின் என்னிடம் மட்டும் அவர்கள் வீட்டுத் தமிழில் பேசினார். ஒன்பதே முக்காலுக்குக் குடையை ஜன்னல் கம்பியில் மாட்டுவார். மேஜை மீது மூன்று பென்சில், ஒரு ரப்பர். நூலகத்துக்குள் பேனாவைத் திறந்து நான் பார்த்ததில்லை. கையெழுத்துப் போட வேண்டுமென்றால் எழுந்து அலுவலக அறைக்குப் போய் அங்கே மசியில் போட்டுவிட்டு வருவார்.

அவர் யாரையும் திட்டியதில்லை. நான் டைப் செய்து வைத்த கார்டுகளைச் சாயங்காலம் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். தப்பு இருந்தால் அந்தக் கார்டின் வலது மேல் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத் திருப்பி அனுப்புவார். என்ன தப்பு என்று சொல்லமாட்டார். ஆசிரியர் பெயரா, வகை எண்ணா, ஒரு கமாவா, நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். சரி செய்து கொண்டுபோனால் புள்ளியை ரப்பரால் அழிப்பார். அழிக்காமல் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாரென்றால், இன்னும் ஒரு தப்பு இருக்கிறது என்று அர்த்தம். ஆரம்பத்தில் அந்தப் புள்ளியைப் பார்த்தாலே எனக்கு அழுகை வரும்.

கார்டு என்றால் இப்போது பலருக்குத் தெரிவதில்லை. கைக்கு அடக்கமான கெட்டித்தாள். அடியில் ஒரு துளை. இழுப்பறையில் அடுக்கி அந்தத் துளை வழியே கம்பியைச் செருகிவிட்டால் எவரும் உருவ முடியாது. ஒரு புத்தகத்துக்கு ஆசிரியர் பெயரில் ஒன்று, தலைப்பில் ஒன்று, பொருளில் ஒன்று என்று குறைந்தது மூன்று கார்டு. நாலாவதாக ஒன்று உண்டு. அது வாசகர் கண்ணில் படாது. புத்தகங்கள் ரேக்கில் நிற்கிற அதே வரிசையில் அலுவலக அறையின் இரும்பு பீரோவில் இருக்கும். ஷெல்ஃப் லிஸ்ட் என்போம். இருப்புச் சரிபார்க்கிற நாளில் மட்டும் வெளியே வரும்.

கார்டு போடுமுன் புத்தகத்தின் தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், கடைசிப் பக்கம் மூன்றையும் பார்த்தாக வேண்டும் என்பது சாரின் கட்டளை. பழைய பைண்டிங்காக இருந்தால் நடுவிலும் புரட்ட வேண்டும். முன்காலத்தில் சிறு சிறு நூல்களைத் தனியாக வைத்தால் தொலைந்துபோகும் என்று இரண்டு மூன்றைச் சேர்த்து ஒரே பைண்டிங்காகத் தைத்துவிடுவார்கள். முதுகில் முதல் நூலின் பெயர் மட்டும்தான் இருக்கும். உள்ளே இருக்கிற மற்றவற்றுக்குத் தனித்தனியே கார்டு போடாவிட்டால், அவை இருப்பதே உலகத்துக்குத் தெரியாது.

நான் சேர்ந்து மூன்றாம் வருடமோ நாலாம் வருடமோ, கிடங்கில் கிடந்த ஒரு சேகரத்தைக் கேட்டலாக் செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. ரொம்பக் காலத்துக்கு முன் எங்கள் கல்லூரியில் சரித்திரம் கற்பித்த ஓர் அமெரிக்கர், ஊர் திரும்பும்போது தன் புத்தகங்களை அப்படியே விட்டுப் போயிருந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர், அதற்குப் பின் வந்த வருடங்கள், அடிமைத்தனம் ஒழிந்தபின் தெற்கு மாநிலங்களில் நடந்தவை இவற்றைப் பற்றிய நூல்கள். அவற்றில் நாற்பத்தொரு வால்யூம் மைசூரிலேயே பைண்ட் செய்தவை. பொருளைப் பார்க்காமல் அளவைப் பார்த்துத் தைத்திருந்தார்கள்.

அப்போது என் மகனுக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. அந்த வாரம் அவனுக்குக் காய்ச்சல். கணவருக்கு ஷிப்ட். பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். நாற்பத்தொரு வால்யூமுக்கும் முதுகில் இருந்த பெயரையும் முதல் தலைப்புப் பக்கத்தையும் மட்டும் பார்த்து இரண்டு நாளில் டைப் அடித்து முடித்தேன். நடுவில் புரட்டவில்லை. புரட்டினால் தாள் உடைகிறது என்று எனக்கு நானே ஒரு சாக்கும் சொல்லிக்கொண்டேன். சார் எல்லாக் கார்டையும் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு ஒன்றுகூடப் புள்ளியோடு திரும்பி வரவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

அதன்பின் பல வருடங்கள். சார் ஓய்வு பெற்றார். கம்ப்யூட்டர் வந்தது. கார்டில் இருந்ததை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினோம். ஏற்றி முடித்ததும் வாசகர்களுக்கான கார்டுப் பெட்டிகளை ஏலம் விட்டார்கள். நான் துணை நூலகர் ஆனேன்.

கல்லூரிக்கு ஆய்வுக் குழு வருகிறது என்று ஒரு வருடம் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தோம். உடைந்த தாள், கரையான் பட்டது, பத்து வருடமாக யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகாதது என்று ஒரு பட்டியல் தயாராகி என் மேஜைக்கு வந்தது. பல பக்கம். நாலு மணிக்கு வந்தது, ஐந்து மணிக்குள் போக வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டேன். அமெரிக்க அறையிலிருந்து ஒரு ரேக் முழுக்க அந்தப் பட்டியலில் இருந்தது. மறுவாரம் வேன் வந்து எடுத்துப் போயிற்று.

நான் ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது ஒரு நாள் மாதேஸ்வரி வந்தாள்.

முப்பது வயது இருக்கும். எங்கள் கொள்ளேகால் பக்கத்து மார்டள்ளிக்காரி. பெற்றோர் விவசாயக் கூலி. நஞ்சன்கூட்டில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருந்துகொண்டு எங்கள் சரித்திரத் துறையில் ஆராய்ச்சி செய்தவள். அமெரிக்காவில் அடிமைத்தனம் ஒழிந்தபின் கறுப்பின மக்கள் தங்களுக்கென்று எப்படிப் பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டார்கள் என்பது அவள் ஆராய்ச்சி. முன்னே பல மாதம் மாடி அறையில் அவளைப் பார்த்திருக்கிறேன். ஊர்த் தமிழ் கேட்டு இரண்டு வார்த்தை பேசியதும் உண்டு.

"மேடம், ஒரு புஸ்தகம் வேணுங்க. நீங்கதான் தேடிக் குடுக்கணும்" என்றாள் நின்றபடியே.

"உக்காரு அம்மிணி. என்ன ஆச்சு?"

ஆய்வேட்டைப் படித்த வெளித் தேர்வாளர் எழுதிய கடிதத்தை நீட்டினாள். மூன்றாம் அத்தியாயம் முழுக்க ஒரே நூலை நம்பி எழுதப்பட்டிருக்கிறது, விடுதலை பெற்றவர்களின் பள்ளியில் இரண்டு குளிர்காலம் கற்பித்த ஓர் ஆசிரியையின் குறிப்புகள் என்கிறார், அப்படி ஒரு நூல் இந்தக் கல்லூரி நூலகத்தின் கேட்டலாகில் இல்லை, இணையத்தில் பார்க்கக் கிடைக்கிற பெரிய நூலகங்களின் கேட்டலாகுகளிலும் இல்லை, ஆகவே இது புனைந்து எழுதப்பட்டதாகக் கருத வேண்டியிருக்கிறது என்று இருந்தது.

"கமிட்டி போட்டுட்டாங்க. மூணு வாரத்துல புஸ்தகத்தைக் காட்டணுமாம். இல்லாட்டி ரிஜிஸ்ட்ரேஷனே கேன்சலுங்க. நான் சும்னே கதை எழுதுவனுங்களா மேடம்?"

"ஜெராக்ஸ் எடுத்து வெச்சிருக்கியா?"

"தாள் உடையும், ஜெராக்ஸ் கூடாதுன்னு இங்கதான் சொன்னாங்க. போன்ல கேமராவும் இல்லீங்க அப்ப. நோட்டுல கையால எழுதி எடுத்தேன். முழுசும் எழுதிட்டேன். சின்னப் புஸ்தகந்தான்."

"கேட்டலாக்ல இல்லையேம்மா. நீ எப்படிக் கண்டுபிடிச்சே?"

"எனக்குக் கேட்டலாக்ல தேடத் தெரியாதுங்க அப்போ. யாரையும் கேக்கவும் கூச்சம். ரேக்ல இருந்து ஒவ்வொண்ணா எடுத்து முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் பார்ப்பேன். அப்படித்தான் கெடச்சுது. வேற என்னமோ ரெண்டு புஸ்தகத்துக்குப் பின்னால ஒட்டிக்கிட்டு இருந்துச்சு."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் நோட்டைக் கொடு என்று கையை நீட்டினேன்.

நோட்டின் முதல் பக்கத்தில் முதுகில் இருந்த எண்ணைக் குறித்து வைத்திருந்தாள். கம்ப்யூட்டரில் அடித்தேன். ஒரு மாநிலச் சட்டசபையில் யாரோ ஆற்றிய உரை என்று ஒரு தலைப்பு வந்தது. கீழே சிவப்பில் 'கழிக்கப்பட்டது' என்று இருந்தது. கழிக்க அனுமதித்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

அவள் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தேடறேன், ஒரு வாரம் கழிச்சு வா" என்று அனுப்பிவிட்டேன். உண்மையை அன்றைக்குச் சொல்லவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பழைய பேப்பர் எடுத்த வியாபாரியின் கிடங்குக்குப் போனேன். மண்டி மொகல்லாவில் ஒரு சந்து. எங்கள் நூலகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. தலைப்புப் பக்கத்தைக் கிழித்துவிட்டாலும் அடையாளம் தெரிய, முப்பத்தேழாம் பக்கத்தின் அடியில் சேர்க்கை எண்ணைச் சிறிதாக எழுதியிருப்போம். கிடங்கில் கிடந்த பைண்டிங் புத்தகங்களையெல்லாம் எடுத்து முப்பத்தேழாம் பக்கத்தைப் புரட்டினேன். வியாபாரி பாய் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"எந்த வருஷத்து மால் அம்மா?"

சொன்னேன்.

"அய்யோ. அது அந்த மாசமே கூழாக்கப் பேப்பர் மில்லுக்குப் போயிருக்கும். இதெல்லாம் போன வாரத்தது."

உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் தலைமை நூலகரிடம் சொன்னேன். ராமப்பிரியன் சாருக்குப் பின் வந்தவர்களில் மூன்றாமவர். என்னைவிடப் பத்து வயது இளையவர், கெட்டவர் அல்ல. பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க எதுக்கு மேடம் இதுல தலை கொடுக்கறீங்க? 'அப்படி ஒரு நூல் எங்கள் பதிவேட்டில் இல்லை'ன்னு ஒரு லெட்டர். அது பொய்யும் இல்ல. பதிவேட்டுல இல்லதானே? எட்டு மாசத்துல ரிடையர் ஆகறீங்க. பேடா மேடம், வேண்டாம்."

அவர் சொன்னது பொய்யில்லை என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தக் கடிதத்தை நானே எழுதியும் பார்த்தேன். நாலு வரிதான். மேஜை டிராயரில் இரண்டு நாள் வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் சரஸ்வதிபுரத்தில் ராமப்பிரியன் சார் வீட்டுக்குப் போனேன். வயது எண்பதை நெருங்கிவிட்டது. கண் மங்கிப்போய், குரலை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டார். நடந்ததையெல்லாம் சொன்னேன். நாற்பத்தொரு வால்யூமை நான் திறக்காத கதையையும் அன்றைக்குத்தான் முதல்முறை வாய்விட்டுச் சொன்னேன்.

"தெரியுமே" என்றார்.

"எப்படி சார்?"

"அந்தப் பொஸ்தகங்களைத் தொறந்தவா கை ரெண்டும் கறுத்துப் போயிடும். அத்தனை தூசு. கார்டைக் கொண்டுவந்து குடுத்தபோது உங்க கை சுத்தமா இருந்தது."

"அப்பவே புள்ளி வெச்சுத் திருப்பியிருக்கலாமே சார்."

"கொழந்தைக்கு ஜ்வரம்னு சொன்னேள். நானே பண்ணிடலாம்னு நெனச்சேன். சாயங்காலம் ஒண்ணு ரெண்டுன்னு தொறந்து பார்த்து, உள்ளே என்ன இருக்குன்னு ஷெல்ஃப் லிஸ்ட் கார்டுக்குப் பின்னாலே எழுதி வெச்சேன். தனியா கார்டு டைப் பண்ணச் சொல்லணும்னு இருந்தேன். அதுக்குள்ளே பட்ஜெட், ஆடிட், அது இதுன்னு ஆயிடுத்து. ஒரு நாள் நீங்களே திருப்பிப் பார்ப்பேள்னும் விட்டுட்டேன்." என் குரல் வந்த பக்கம் திரும்பினார். "நான் விட்டிருக்கப்படாது. உங்க தப்பு ரெண்டு நாள் தப்பு. என்னோடது பத்து வருஷத் தப்பு."

"அந்த பீரோ இன்னும் இருக்கு சார். ஏலத்துல போகலை. மாடிப்படிக்கு அடியில போட்டிருக்காங்க."

"அப்போ இங்கே ஏன் ஒக்காந்திண்டிருக்கேள்? போங்கோ."

பீரோவின் சாவி தொலைந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. எலெக்ட்ரிஷியன் மகாதேவப்பா ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பித் திறந்தார். கார்டுகள் வரிசை குலையாமல் இருந்தன. நான் டைப் அடித்த எழுத்து, 'e' மட்டும் கொஞ்சம் மேலே தூக்கி விழும் அந்த மெஷினின் எழுத்து. எண்ணைத் தேடி எடுத்தேன். வலது மேல் மூலையில் பென்சில் புள்ளி. திருப்பினேன். பின்பக்கம் சாரின் பொடி எழுத்தில் மூன்று வரி. சட்டசபை உரை, இத்தனை பக்கம். ரயில் பாதை பற்றி ஒரு பிரசங்கம், இத்தனை பக்கம். மூன்றாவதாக மாதேஸ்வரி சொன்ன அதே தலைப்பு, அதே ஆசிரியை பெயர், அச்சிட்ட ஊர், ஐம்பத்திரண்டு பக்கம்.

நாற்பத்தொரு கார்டிலும் புள்ளி இருந்தது. இருப்புச் சரிபார்க்க எத்தனையோ தடவை நான் அந்தக் கார்டுகளை விரலால் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். எண்ணை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

மாதேஸ்வரி வந்ததும் முதலில் கார்டைக் காட்டினேன். அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, புத்தகம் என்ன ஆயிற்று என்பதைச் சொன்னேன். யார் கையெழுத்துப் போட்டது என்பதையும் சொன்னேன். அதற்கு அவள் அழவில்லை. "சரிங்க மேடம்" என்று எழுந்து போய்விட்டாள்.

கமிட்டியில் மூன்று பேர். டீன் நடுவில். மாதேஸ்வரி ஓரத்தில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீன் கார்டை முன்னும் பின்னும் திருப்பினார்.

"நோடி மேடம், இதைப் பாருங்க, இது பென்சில். நேத்து எழுதினதுன்னு யாராவது சொன்னா என்ன பதில் சொல்றது?"

"இதே மாதிரி இன்னும் நாற்பது கார்டு இருக்கு சார். நாற்பதுல பாதிக்கு மேல வால்யூம் இன்னும் மாடியிலதான் இருக்கு. எதை வேணும்னாலும் நீங்களே எடுங்க. கார்டுக்குப் பின்னாடி எழுதியிருக்கறது உள்ள இருக்கான்னு பாருங்க."

மாடியில் இருப்பவற்றின் கார்டுகளிலிருந்து அவரே ஐந்தை உருவினார். ஐந்து வால்யூம் கீழே வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பக்கம் பக்கமாகச் சரிபார்த்தார்கள். ஒன்றில்கூடப் பக்க எண்ணிக்கை தவறவில்லை. பார்த்து முடித்தபோது மூவர் கையும் கறுத்திருந்தது.

"இவ்வளவு சரியா எழுதி வெச்சிருக்காங்க. பின்னே கேட்டலாக்ல ஏன் வரலை?" என்று கேட்டார் டீன்.

"கேட்டலாக் பண்ணினது நான் சார். வால்யூமைத் திறக்காம கார்டு போட்டேன்."

"கழிச்சது?"

"பட்டியலைப் படிக்காம கையெழுத்துப் போட்டதும் நான்தான்."

ஓரத்தில் இருந்த ஒருவர் மேஜையில் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். அதை நிறுத்தினார். "எழுத்துல தர்றீங்களா மேடம்?" என்றார் டீன். தந்தேன்.

இதைப் படிக்கிறவர்கள் இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மாதேஸ்வரி எதையும் புனையவில்லை என்று கமிட்டி எழுதிக் கொடுத்தது. ஆனால் வெளித் தேர்வாளர், அந்த நூல் இருந்தது என்பதை ஏற்கிறேன், அதில் இன்ன வரிகள்தான் இருந்தன என்பதற்குச் சாட்சி ஆராய்ச்சியாளரின் கைப்பிரதி மட்டுமே, அதை ஏற்க முடியாது என்று பதில் போட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டு வேறு எழுதச் சொன்னார்கள். ஆறு வருட வேலையின் நடுப்பகுதி அது. எடுத்துவிட்டு எழுதினாள். ஒன்றரை வருடம் தள்ளித்தான் பட்டம் வந்தது. அதற்குள் அவள் மனுப்போட்டிருந்த நிரந்தர வேலை ஒன்று வேறு யாருக்கோ போய்விட்டது.

எனக்கு எழுத்துமூலம் கண்டனம். பணிப் பதிவேட்டில் கடைசிப் பக்கத்துக்கு முந்திய பக்கத்தில் ஏறியது. பிரிவுபசாரக் கூட்டத்தில் சால்வை போட்டு, முப்பத்திரண்டு வருடமும் அப்பழுக்கில்லாத சேவை என்று பேசினார்கள். தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். ராமப்பிரியன் சார் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. அதற்கு மூன்று மாதம் முன்பே காலமாகிவிட்டார். கார்டு கிடைத்தது என்பதைப் போய்ச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அது ஒன்றுதான் நான் காலத்தில் செய்தது.

பட்டம் வாங்கிய அன்று மாதேஸ்வரி போன் செய்தாள். நேரில் பார்க்கலாமா என்று நான்தான் கேட்டேன். ஊருக்குப் போகிறேன், பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க என்றாள். கொள்ளேகால் பஸ் நிற்கும் இடத்தில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வாழ்த்துச் சொன்னேன். வாங்கி வந்திருந்த மைசூர்பாக்கைக் கொடுத்தேன். அப்புறம், வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததைக் கேட்டேன்.

"அந்த நோட்டை நம்ம லைப்ரரிக்குக் குடுத்துடறியா அம்மிணி? அந்தப் புஸ்தகம் இப்ப உலகத்துலயே உன் கையெழுத்துல மட்டுந்தான் இருக்கு. நான் சொல்லி முறைப்படி நம்பர் போட்டு, கேட்டலாக்ல ஏத்த வைக்கறேன். நாளைக்கு ஒருத்தர் தேடி வந்தா கிடைக்கும்."

பையைத் திறந்து நோட்டு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"வேண்டாமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க மறுபடியும் எடைக்குப் போட்டுருவீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. ஊரில் மழை இல்லை என்று சொல்வது போலச் சொன்னாள். 'நீங்க' என்றது என்னையா, நூலகத்தையா என்று நான் கேட்கவில்லை. எதுவாக இருந்தாலும் என்னிடம் மறுப்பு இல்லை.

பிறகு அவளே கேட்டாள். "மேடம், நீங்க அதைப் படிச்சதே இல்லதானுங்க?"

"இல்லை."

நோட்டை எடுத்து என் மடியில் வைத்தாள். நீல மையில் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தாள். ஆசிரியை பள்ளிக்கூடம் திறந்த முதல் நாளில் ஆரம்பித்தது. வந்தவர்களின் பெயரை எழுதிக்கொள்ள உட்கார்ந்தாளாம். முதலில் வந்தது ஒரு தாயும் மகளும். இருவரும் படிக்க வந்தவர்கள். முழுப் பெயர் என்ன என்று கேட்டதற்கு அந்தத் தாய், இதுவரை எசமானின் பெயர்தான், இனி அது வேண்டாம், நாளைக்கு யோசித்துச் சொல்கிறேன், அதுவரை அந்த இடத்தைக் காலியாக விட்டு வையுங்கள் என்றாளாம். மறுநாள் வந்து தன் பெயரைச் சொன்னாளாம். எழுதியதைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாளாம்.

இதைத்தான் நான் திறக்காமல் டைப் அடித்து, படிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தேன்.

கொள்ளேகால் பஸ் வந்தது. கண்டக்டர் கூவினார். மாதேஸ்வரி எழுந்திருக்கவில்லை. "படிங்க" என்றாள். அதற்கடுத்த பஸ்ஸும் வந்து போயிற்று. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். முடித்ததும் நோட்டைக் கேட்டு வாங்கினாள். பைக்குள் துணிக்கு நடுவில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். "வரட்டுங்களா?" என்று மூன்றாவது பஸ்ஸில் ஏறினாள்.